மணிமுத்தாற்றின் மறுமுனை

விருத்தாசலத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. ஆனாலும் மணிமுத்தாற்றில் செம்மண் கரைந்த தண்ணீர் திடீரென்று பொங்கி வரும். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து விவசாயிகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "மலையில மழை" என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் நடப்பார்கள். அது எந்த மலை, அங்கே யார் இருக்கிறார்கள் என்ற பேச்சு அதற்கு மேல் எழுவதில்லை.

அது கல்வராயன் மலை. மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டிப் போனால் தொடுவானத்தில் நீலக் கோடாகத் தெரியத் தொடங்கும். மணிமுத்தாறும் கோமுகி ஆறும் அங்கேதான் பிறக்கின்றன. மலையின் சேலம் பக்கச் சரிவில் இறங்கும் கரியகோயில் ஆறு வசிஷ்ட நதியில் சேர்கிறது. ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும் தம்மம்பட்டி வழியாக வரும் சுவேத நதியும் கலந்து வெள்ளாறாகின்றன. மணிமுத்தாறு விருத்தகிரீஸ்வரர் கோயிலைத் தொட்டுக்கொண்டு ஓடி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. மாசி மகத்துக்கு விருத்தாசலத்தில் ஆற்றில் இறங்கும் கூட்டமும், வெள்ளாற்றுக் கரையில் நெல்லும் கரும்பும் போடும் விவசாயியும் இந்த மலையோடு தண்ணீரால் உறவு கொண்டவர்கள். பீங்கான் பொம்மைக்கும் ஜாடிக்கும் பேர்போன விருத்தாசலத்துக்கு மேற்கே இரண்டு மூன்று மணி நேரப் பயண தூரத்தில், வேறொரு வாழ்க்கை நடக்கிறது.

மலையாளி, கேரளத்தவர் அல்லர்

கல்வராயன் மலையில் வாழும் மக்களின் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தாய்மொழி தமிழ். அரசு ஆவணத்திலும் அதே பெயர்தான் இருப்பதால், வெளியூர் அலுவலகங்களில் சான்றிதழை நீட்டும் பிள்ளைகள் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 3.58 லட்சம் பேர் மலையாளிகள். பழங்குடி என்றதும் நம் நினைவுக்கு நீலகிரியின் தோடரும் கோத்தரும் வருவார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம் மலையாளிதான்.

இவர்கள் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் அல்ல, அதிகம் பேசப்படாத கிழக்குத் தொடர்ச்சி மலையில். ஜவ்வாது, ஏலகிரி, சித்தேரி, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று திருப்பத்தூரிலிருந்து திருச்சி வரை துண்டு துண்டாக நிற்கும் மலைகள் அவை. நடுவே சமவெளியும் சாலையும் ரயில் பாதையும் குறுக்கிடுகின்றன. ஆனாலும் இந்த மலைகள் எல்லாவற்றிலும் ஒரே சமூகம் பரவியிருக்கிறது.

எப்படி வந்தார்கள்? அவர்களே சொல்லும் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். நாட்டில் ஏதோ நெருக்கடி. குலதெய்வத்தைச் சுமந்துகொண்டு தெற்கே வந்து, ஆளுக்கொரு மலை ஏறிவிட்டார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பது மட்டும் மலைக்கு மலை மாறும். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. காஞ்சியிலிருந்து வந்த தெய்வம் என்று கரியராமரை இன்றும் கும்பிடுகிறார்கள்.

இந்தக் கதையை வரலாறு என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இதற்கு உலகெங்கும் சொந்தக்காரர்கள் உண்டு. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சி. ஸ்காட் 2009இல் எழுதிய நூலில், வியட்நாம் முதல் வடகிழக்கு இந்தியா வரை உள்ள மலைமக்களைப் பற்றி ஒரு வாதத்தை வைத்தார். அவர்களில் பெரும்பகுதியினர் ஆதியிலிருந்து மலையிலேயே தங்கிப்போனவர்கள் அல்லர். சமவெளி அரசுகளின் வரிக்கும் போருக்கும் கட்டாய வேலைக்கும் தப்பி மேலே ஏறியவர்கள் என்றார் அவர். தமிழ்நாட்டு மலைகளைப் பற்றி அவர் எழுதவில்லை. ஆனாலும் மூன்று அண்ணன்மார் கதையைக் கேட்கும்போது அவர் வாதம் நினைவுக்கு வராமல் போகாது.

1976 வரை ஜாகீர்

மேலே ஏறியவர்களை வரி விடவில்லை என்பது கல்வராயன் மலையின் தனிக்கதை.

இந்த மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று பட்டங்களில் ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று அவர்கள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. மலைமக்கள் உழுத நிலத்துக்குரிய வரி அரசுக்குப் போகவில்லை, ஜாகீர்தாருக்குப் போனது. ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர், ஊர்கள் பல சேர்ந்தால் ஒரு நாடு, நாட்டுக்கு மேலே ஜாகீர்தார் என்று ஆட்சி அடுக்காக இருந்தது. அந்தப் பழைய பிரிவின் தடம் இன்றும் அரசு ஏட்டில் இருக்கிறது. சேலம் மாவட்டத்துப் பகுதியில் பெரிய கல்வராயன் மலை மேல்நாடு, கீழ்நாடு என்றும், சின்ன கல்வராயன் மலை வடக்கு நாடு, தெற்கு நாடு என்றும்தான் ஊராட்சிகளுக்குப் பெயர்.

இந்தியா 1947இல் விடுதலை பெற்றது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. இனாம் ஒழிப்புச் சட்டங்கள் 1963இல் வந்தன. கல்வராயன் மலை அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்ததோ 1976இல். சமவெளியில் காமராஜர் காலத்திலேயே பள்ளிக்கூடமும் மதிய உணவும் கிராமங்களைத் தொட்டுவிட்டன. மலையில் ஒரு குடும்பம் தன் நிலத்துக்கு அரசுப் பதிவேட்டில் பெயர் கேட்கத் தொடங்கியதே அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான். பட்டா இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை. இன்றும் அந்த மலையின் பல பிரச்சினைகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் இந்தத் தாமதத்தில் வந்து முடியும்.

பக்கத்து மலையில் நடந்தது வேறு. சேர்வராயன் மலையில், அதாவது ஏற்காட்டில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதன் பின் எஸ்டேட்டுகள் பெருகின. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்தபோது காட்டின் பெரும்பகுதி காப்புக்காடு ஆனது. ஒரு மலையில் ஜாகீர், இன்னொரு மலையில் எஸ்டேட், எல்லா மலையிலும் வனத்துறை. உழுதவன் பெயரில் நிலம் இல்லாமல் போனதற்கு வழிகள் பல இருந்தன.

சாமையிலிருந்து மரவள்ளிக்கு

மலையாளிகள் வேட்டையாடித் திரிந்தவர்கள் என்று நினைப்பது தவறு. அவர்கள் தேர்ந்த விவசாயிகள். ஏர் பூட்ட முடிந்த நிலம் உழவுக்காடு. சரிவு அதிகமாகி, கல் மிகுந்து, மண்வெட்டியால் கொத்தித்தான் விதைக்க முடியும் என்றால் அது கொத்துக்காடு. இரண்டிலும் சாமை, தினை, கேழ்வரகு, அவரை, துவரை என்று கலந்து விதைத்தார்கள். மழை ஒன்றைக் கெடுத்தால் இன்னொன்று வீடு வரும்.

சாமை ஒன்றிலேயே எத்தனை வகை! கொல்லிமலையில் கட்டவெட்டி சாமை, திரிகுல சாமை, மல்லிய சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று விதையைப் பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் அறுவடைக்கு வருவது ஒன்று, வறண்ட மேட்டில் தாக்குப்பிடிப்பது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் இந்த விதைகளைப் பாதுகாக்கும் பணியைச் செய்தது. அங்கே அவர்கள் கண்டறிந்த முக்கியச் சிக்கல் விதையில் இல்லை, உமியில் இருந்தது. சாமையின் உமி கெட்டியானது. உரலில் இட்டுக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களுக்குப் பெரும் பாடு. ரேஷன் அரிசி வந்ததும் சாமை பின்வாங்கியதற்கு அந்த உலக்கை வேலையும் ஒரு காரணம். மகளிர் குழுக்களிடம் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொடுத்த பிறகு சில ஊர்களில் சாமைக்கு மீண்டும் மதிப்பு வந்தது.

ஆனால் கல்வராயன் மலையில் இன்று கண்ணுக்குப் படுவது மரவள்ளி. ஆத்தூர், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். வியாபாரி காட்டுக்கே லாரி கொண்டுவருவார். விதைக்கும் முன்பே முன்பணமும் கிடைக்கும். பள்ளிக் கட்டணமோ கல்யாணச் செலவோ எதிரே நிற்கும்போது அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? முன்பணம் வாங்கியவருக்கு விலை பேசும் உரிமை பாதி போய்விடுகிறது. மண்ணுக்கும் நட்டம் உண்டு. மரவள்ளி பத்து மாதப் பயிர். தோண்டி எடுக்கும்போது சரிவு நிலத்தின் மேல்மண் கலைகிறது, அடுத்த மழையில் அது ஓடைக்கு இறங்கிவிடுகிறது. கீழே ஆற்றில் வரும் செந்நீரில் அந்த மேல்மண்ணும் இருக்கிறது.

காடு தரும் வருமானம் தனி. கல்வராயன் மலை கடுக்காய்க்குப் பேர்போனது. சித்த மருந்துக் கடைக்கும், தோல் பதனிடும் தொழிலுக்கும் கடுக்காய் தேவை. புளி, தேன், நெல்லி, சீமாற்றுப் புல் என்று பருவத்துக்கு ஒன்று. இவற்றை வாங்கி விற்க 'லேம்ப்ஸ்' எனப்படும் பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சங்கம் நேரத்துக்கு எடை போட்டுப் பணம் கொடுத்தால் சேகரித்தவருக்கு லாபம். தாமதித்தால் அதே மூட்டை இடைத்தரகர் கைக்குப் போய்விடும்.

இந்த வருமானம் போதாத குடும்பங்கள் மலையிறங்குகின்றன. கேரளத்து மிளகுத் தோட்டம், குடகின் காப்பித் தோட்டம், திருப்பூர் பனியன் கம்பெனி, போர்வெல் லாரி. அறுவடைப் பருவத்தில் பெற்றோர் இருவருமே தோட்ட வேலைக்குப் போய்விட, வீட்டில் பாட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் ஊர்கள் இந்த மலைகளில் சாதாரணம்.

உயரமா, தூரமா?

உலக நிலப்பரப்பில் கால் பங்குக்கும் மேல் மலை. மனிதர்களில் சுமார் 15 சதவீதம் பேர் மலைப்பகுதிகளில் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிடுகின்றன. 2002ஆம் ஆண்டை மலைகளுக்கான ஆண்டாக அறிவித்த ஐ.நா., அடுத்த ஆண்டு முதல் டிசம்பர் 11ஐ மலைகள் நாளாகக் கொண்டாடுகிறது.

மிக உயரத்தில் வாழ்வோரின் உடம்பே மாறிவிடுகிறது. பெரு நாட்டின் லா ரின்கொனாடா என்ற சுரங்க ஊர் சுமார் 5,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனிதர் நிலையாகக் குடியிருக்கும் உலகின் மிக உயரமான ஊர் அதுதான். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஆண்டீஸ் மலைமக்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம். திபெத்தியர்கள் வேறு வழி கண்டவர்கள். அவர்கள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. இதற்குக் காரணமான ஒரு மரபணுவை 2010இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் தெரியவந்தது.

கல்வராயன் மலையில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. சின்ன கல்வராயன் சராசரியாக 2,700 அடி. பெரிய கல்வராயன் 4,000 அடியைத் தொடும். மூச்சுத் திணறல் வருவதற்கு அதைப் போல் இரு மடங்கு உயரம் ஏற வேண்டும். காற்று நன்றாக இருக்கிறது, தண்ணீர் சுவையாக இருக்கிறது, கோடையில் மின்விசிறியும் அவ்வளவாகத் தேவைப்படாது. இங்கே உயிரை எடுப்பது உயரம் அல்ல, சாலை இல்லாத தூரம்.

வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு போன்ற ஊர்களுக்குத் தார்ச்சாலையும் பேருந்தும் உண்டு. அங்கிருந்து பிரிந்து காட்டுக்குள் கிடக்கும் குக்கிராமங்களின் கதை வேறு. பிரசவ வலி வந்த பெண்ணையோ பாம்பு கடித்தவரையோ போர்வையில் கிடத்தி, மூங்கிலில் டோலி கட்டி, ஆட்கள் மாறி மாறித் தோளில் சுமந்து ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவரும் செய்தி இந்த மலைகளிலிருந்து அடிக்கடி வருகிறது. பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறது. பிரசவச் சிக்கலுக்குச் சிகிச்சை இருக்கிறது. இரண்டும் கீழே இருக்கின்றன.

சாலை ஏன் வரவில்லை என்றால், பாதை காப்புக்காட்டின் வழியே போகிறது, வனத்துறை ஒப்புதல் வேண்டும் என்பார்கள். காடு காக்கப்பட வேண்டியது என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பள்ளி, மருத்துவமனை, சாலை, குடிநீர்க் குழாய் போன்ற தேவைகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேர் வரை வனநிலத்தைத் தர 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75க்கு மேல் போகக் கூடாது என்பவை நிபந்தனைகள். சட்டம் இருக்கிறது, அதை எடுத்து நீட்ட வேண்டிய கிராம சபைகளுக்கு அது சொல்லப்படவில்லை.

சந்தேகத்தின் விலை

மலையில் இருப்பவன் ஏதோ கடத்துகிறான் என்ற எண்ணம் சமவெளிக்கு எளிதில் வந்துவிடுகிறது. அதற்கு மலையாளிகள் கொடுத்த விலை பெரிது.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினர், போலீசார், வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது, ஆண், பெண், குழந்தை என்று பாராமல் சிறைக்கு அனுப்பினார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நடத்திய போராட்டத்தால் வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் நேரில் அந்த ஊருக்கே சென்று பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார். குற்றம் நடந்ததற்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள்.

2015 ஏப்ரல் 7. திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளின் ஏழைக் கூலிகள். செம்மரத்தில் கோடிகள் பார்த்த முதலாளிகள் எவரும் அந்தக் காட்டில் இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடனே எல்லோர் பார்வையும் கல்வராயன் மலை மேல் போனது. மலையில் வெல்லமும் மரப்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறல் வைத்துச் சாராயம் காய்ச்சுவது பழைய கதைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கருணாபுரத்தில் ஆட்களைக் கொன்ற மெத்தனால் ஊறல் பானையில் உருவானதன்று, ஆலைப் பயன்பாட்டுக்கான ரசாயனம்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, சாலை, மருத்துவமனை, பள்ளி, ரேஷன், வேலை என்று வரிசையாகக் கேள்வி கேட்டது. சாராயம் காய்ச்சுகிறவனைப் பிடிப்பது போலீஸ் வேலை. அவன் ஏன் காய்ச்சுகிறான் என்று கேட்பது அரசின் வேலை. பல ஆண்டு ரெய்டுகள் கேட்காத இரண்டாவது கேள்வியைக் கேட்டது இந்த வழக்கு.

ஒரே மக்கள், இரண்டு சட்டம்

பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகள் எப்படி இடம்பெற்றிருக்கிறார்கள் தெரியுமா? தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழ்வோர் மட்டுமே பழங்குடியினர். விருத்தாசலமும் கல்வராயன் மலையின் கிழக்குப் பகுதியும் பழைய தென்னார்க்காட்டில் இருந்தவை. ஆகவே இங்கே சிக்கல் இல்லை. ஆனால் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் கிடையாது. அவர்கள் மாவட்டம் பழைய கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. பர்கூரிலிருந்து மேட்டூர்ப் பக்கம் பெண் கொடுத்தால், அந்தப் பெண்ணின் அண்ணனுக்குச் சான்றிதழ் இல்லை, கணவனுக்கு உண்டு. இதைத் திருத்தக் கேட்டுப் பல ஆண்டுகளாக மனு கொடுக்கிறார்கள். பட்டியலில் ஓர் எழுத்தை மாற்றவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.

வன உரிமைச் சட்டத்தின் கதையும் மந்தம். மற்ற மாநிலங்களில் பட்டா வழங்கத் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகே பணி நகர்ந்தது.

அரசியல் பலமும் குறைவு. சட்டமன்றத்தின் 234 இடங்களில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. மக்களவையில் தமிழ்நாட்டிலிருந்து ஓர் இடமும் இல்லை.

மலையிலிருந்து எழுந்த பெயர்கள்

துயரத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் மலைக்கு நியாயம் செய்ததாகாது. வெள்ளிமலை, சேலம் மாவட்டத்து அபிநவம், கொல்லிமலைச் செங்கரை ஆகிய இடங்களில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகள் நடக்கின்றன. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலைதோறும் இருக்கின்றன. ஆசிரியர் பற்றாக்குறை உண்டு, விடுதிகளில் குறை உண்டு. இருந்தும் அங்கிருந்துதான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வருகிறார்கள்.

ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிச் சமூகத்திலிருந்து உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான முதல் பெண். 2024 பிப்ரவரியில் முடிவு வெளிவந்தபோது அவருக்கு வயது 23. குழந்தை பிறந்த ஓரிரு நாளில் பச்சை உடம்போடு சென்னை வரை பயணம் செய்து தேர்வு எழுதியவர் அவர். அதே ஆண்டு, திருச்சி மாவட்டப் பச்சைமலைப் பகுதியின் பழங்குடி மாணவி ஒருவர் ஜே.இ.இ. எழுதி, திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் சேர்ந்தார். படித்தது அரசுப் பள்ளியில்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதும் மலைக்குக் கொஞ்சம் நன்மை செய்திருக்கிறது. முன்பு ஒரு மனுவைக் கலெக்டரிடம் கொடுக்க விழுப்புரம் வரை போக வேண்டும். இப்போது கல்வராயன் மலைக்குத் தனி வட்டமும் இருக்கிறது. மேகம், பெரியார் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்கச் சமவெளியிலிருந்து வரும் கூட்டம் ஆண்டுக்காண்டு கூடுகிறது. வருகிறவர்கள் வழியோரத்தில் மலைக்காரப் பெண்கள் விற்கும் தேனையும் சாமையையும் பேரம் பேசாமல் வாங்கிப் போகலாம். காலி மது பாட்டில்களை ஓடையில் வீசாமல் திரும்பலாம். அந்த ஓடைதான் பிறகு மணிமுத்தாறு.

இவை தனி மனிதர் செய்யக் கூடியவை. அரசு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பழங்குடியினர் அடர்ந்து வாழும் பகுதிகளை அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பட்டியல் பகுதியாக அறிவிக்கலாம். அறிவித்தால் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் பொருந்தும். நிலம், சிறு வன விளைபொருள் ஆகியவற்றில் கிராம சபைக்கு உண்மையான அதிகாரம் வரும். ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, மகாராஷ்டிரம் உட்படப் பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை போன்ற இடங்களை அதில் சேர்க்க வேண்டும் என்பது பழங்குடி அமைப்புகளின் நீண்டகாலக் கோரிக்கை. இதற்கு நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. மாநில அரசு கேட்டு, குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தால் போதும்.